ஏசிஎம்மில் இருப்பதெல்லாம் திருட்டுச் சிலைதானா?

வாசகர் கேள்வி, 2 மார்ச்

மே மாத விடுமுறையில் குடும்பத்தோடு சிங்கப்பூர் வருகிறோம். பையனுக்கு 12 வயது, பெண்ணுக்கு 8. ஏஷியன் சிவிலைசேஷன்ஸ் மியூசியம் (ஏசிஎம்) கட்டாயம் பாருங்கள் என்று ஒரு சொந்தக்காரர் சொல்கிறார். "அங்கே இருப்பது எல்லாம் நம்மூர்க் கோயிலில் திருடினது, அதைப் பார்க்கக் காசு வேறயா" என்கிறார் இன்னொருவர். போகலாமா, வேண்டாமா?

2 மார்ச், இரவு

போங்கள். உங்கள் இரண்டாவது சொந்தக்காரர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, அதனாலேயே போகலாம்.

விஷயம் இதுதான். 2007இல் ஏசிஎம் ஒரு சோழர் காலத்து உமா பரமேஸ்வரி செப்புத் திருமேனியை வாங்கியது. விலை 6,50,000 அமெரிக்க டாலர். விற்றது நியூயார்க்கில் ஆர்ட் ஆஃப் த பாஸ்ட் என்ற கடை, அதன் உரிமையாளர் சுபாஷ் கபூர். அம்மன் வந்தது அரியலூர் மாவட்டத்துச் சிவன் கோயிலிலிருந்து. திருடப்பட்டது என்று பிறகு தெரிந்து, 2015இல் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். 1997 முதல் 2010 வரை அதே கடையில் மொத்தம் 30 பொருள்கள் வாங்கியிருந்தார்கள் என்பதும் அப்போதுதான் வெளியே வந்தது.

ஆக "எல்லாம்" என்பது அநியாயம், "ஒன்றுமே இல்லை" என்பதும் அநியாயம். சீனா, ஜாவா, கம்போடியா, ஈரான், துருக்கி, பிலிப்பைன்ஸ் என்று ஆசியா முழுவதையும் ஒரே கட்டடத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் நம்மூர்ச் சிலைகள் ஒரு சின்னப் பகுதிதான்.

நான் இங்கே பிஆர், அதாவது நிரந்தரவாசி, அதனால் எனக்கு இலவசம். இந்த வாதத்தில் டிக்கெட் காசு பற்றிப் பேச எனக்கு அருகதை குறைவு.

3 மார்ச்

உமா இன்னும் அங்கேதான் இருக்கிறாள் என்று ஒருவர் படத்தோடு போட்டிருக்கிறார். அந்தப் படம் பழையது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் தெரியும் சுவரின் நிறத்தைப் பாருங்கள், அது பழைய அமைப்பு, நடுவில் காட்சிக்கூடங்களையே மாற்றிவிட்டார்கள். வாட்ஸ்அப்பில் வருகிற படத்துக்குத் தேதி கிடையாது என்பதை நினைவில் வையுங்கள்.

5 மார்ச்

"தெரியாமல் வாங்கினார்கள், தெரிந்ததும் கொடுத்தார்கள், அப்புறம் என்ன" என்று கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்ரீபுரந்தான் என்று ஓர் ஊர், அரியலூர் மாவட்டம். அங்கே பூஜை நின்று பூட்டியே கிடந்த ஒரு சிவன் கோயில், உமா போனது அங்கிருந்துதான். சிலை போனதே ஊருக்குத் தெரியாது. 2008இல் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு போலீஸ் வந்தபோதுதான் உள்ளே காலி என்று தெரிகிறது. அந்தக் கோயில் நடராஜர் அதற்குள் ஆஸ்திரேலியா போய்விட்டார். கான்பராவில் உள்ள தேசிய கலைக்கூடம் 2008இல் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. அதே கடைதான், அதே கபூர்தான். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டெல்லிக்குக் கொண்டுவந்து மோடியிடம் கொடுத்த நடராஜர் இவர்தான்.

வாங்கும்போது எதைக் காட்டினார்கள்? ஒரு காகிதம். சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் டெல்லியில் இருந்த காலத்தில் வாங்கினார், இப்போது அவர் மனைவி விற்கிறார் என்று. ஏன் அவ்வளவு பழைய கதை என்றால் 1970இல் கலைப்பொருள் கடத்தலுக்கு எதிரான யுனெஸ்கோ ஒப்பந்தம், 1972இல் இந்தியாவில் தொல்பொருள் சட்டம், அது அமலுக்கு வந்தது 1976இல். அதற்கு முன்னாலேயே நாட்டை விட்டுப் போனது என்று காட்டிவிட்டால் வாங்குகிறவருக்குத் தலைவலி இல்லை. காகிதம் பொய் என்று எப்படித் தெரிந்தது? புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரர்கள் 1950களிலிருந்து ஊர் ஊராகப் போய்க் கோயில் சிலைகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒன்றரை லட்சம் படங்களுக்கு மேல். 1990களில் எடுத்த படத்தில் அதே நடராஜர் ஸ்ரீபுரந்தானில் இருக்கிறார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

இப்போது என் பிழைப்புக்கு வருகிறேன். நான் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் வேலை பார்க்கிறவன். ஒரு கப்பலில் ஒரு வால்வு மாற்றினால் அதற்கு மில் சர்டிபிகேட், அதாவது உலோகம் செய்த ஆலையின் சான்று, வேண்டும், உலோகத்தில் அடித்திருக்கிற எண்ணும் காகிதத்தில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் கப்பலைச் சோதிக்கிற சர்வேயர் தொடவே மாட்டார். சில நூறு சிங்கப்பூர் டாலர் சாமானுக்கு இந்தப் பாடு. லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிற அம்மனுக்கு ஒரு கடிதம் போதும் என்றால், "ஏமாற்றப்பட்டோம்" என்பதை நான் பாதிதான் ஏற்பேன். மீதிப் பாதி, கேட்க வேண்டாம் என்று இருந்ததுதான்.

கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டார், 2012இல் இந்தியா கொண்டுவந்தார்கள், 2022 நவம்பரில் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு தண்டனை கொடுத்தது. அந்தத் தண்டனை உடையார்பாளையம் பக்கத்துப் பெருமாள் கோயில் வழக்கில். சிவன் கோயில் திருடன் என்று எல்லோரும் சொல்ல, பெருமாள் கேஸில் மாட்டினார்.

6 மார்ச்

மேலே உள்ள கடைசி வரிக்கு யாரும் சைவ வைணவச் சண்டை தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஒருவர் தொடங்கிவிட்டார்.

9 மார்ச்

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். தரைத்தளத்தில் டாங் கப்பல் கூடம், டாங் என்பது பழைய சீன அரச வம்சம். அதை முதலில் பாருங்கள், மேல் மாடிக்குப் போனால் கால் வலிக்கத் தொடங்கிவிடும்.

1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்குப் பக்கத்தில் கடலட்டை எடுக்கப் போன மீனவர்கள் கண்ணில் பட்டது அந்தக் கப்பல். (நம்மூரில் ராமநாதபுரம் பக்கம் கடலட்டை பிடித்தால் வழக்கு, 2001 முதல் தடை. அங்கே பிடிக்கப் போய்ப் புதையல்.) மூழ்கிக் கிடந்த கப்பலில் 60,000க்கு மேல் பொருள்கள், பெரும்பாலும் சீனாவில் சாங்ஷா சூளைகளில் சுட்ட கிண்ணங்கள். எல்லாம் ஒரே அளவு, ஒரே மாதிரி, ஆனால் உள்ளே தீட்டியது ஒவ்வொன்றிலும் வேறு. பறவை, மேகம், பூ, சீனக் கவிதை, அரபி மாதிரி கிறுக்கல். ஆள் ஆளாக உட்கார்ந்து நாளெல்லாம் தூரிகையால் இழுத்துத் தள்ளியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரியும், கோடுகளில் ஓர் அவசரம் இருக்கிறது. ஆயிரத்து இருநூறு வருடத்துக்கு முன்னாலேயே ஏற்றுமதிக்கென்று மொத்தமாகச் செய்திருக்கிறார்கள். ஒரு கிண்ணத்தில் தேதியே கீறியிருக்கிறது, பாவோலி என்ற சீன அரச ஆண்டுக் கணக்கில் இரண்டாம் ஆண்டு ஏழாம் மாதம் 16ஆம் நாள் என்று, நம் கணக்கில் கி.பி. 826. பெரிய ஜாடிகளுக்குள் கிண்ணங்களை நெருக்கி அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள். தங்கக் கிண்ணமும் உண்டு, எட்டுப் பட்டை, ஒவ்வொரு பட்டையிலும் ஓர் ஆள், இசைக் கலைஞர்கள், ஆட்டக்காரர். எல்லோரும் அதன் முன்னால்தான் கூட்டம் போடுவார்கள். நான் அதிகம் நிற்பது மை அரைக்கிற ஒரு சின்னக் கல் முன்னால். யாரோ கணக்கு எழுதியிருக்கிறான் அந்தக் கப்பலில். நட்சத்திர சோம்பும் கிடைத்திருக்கிறது, நம் பிரியாணிக்குப் போடுகிற அதே அன்னாசிப்பூ.

இனி என் துறை. சரக்கு சீனத்தது, கப்பல் சீனத்தது அல்ல. மேற்கே அரபிக்கடல் பக்கத்துக் கட்டுமானம். பலகையோடு பலகையை ஒட்டி வைத்து, ஓரத்தில் துளை போட்டு, கயிறு கோத்துத் தைத்திருக்கிறார்கள். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லை. இதைச் சொன்னால் எங்கள் யார்டில் ஒருவரும் நம்பவில்லை, வெல்டிங் பற்ற வைத்தே வளர்ந்த கூட்டம். ஆனால் யோசித்துப் பாருங்கள், தைத்த கப்பல் அலை அடித்தால் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், தரை தட்டினால் உடனே பிளக்காது, பழுதானால் அந்தப் பலகையை மட்டும் அவிழ்த்து மாற்றிவிடலாம். குறை என்னவென்றால் கயிறு இற்றுப் போகும், அவ்வப்போது பிரித்துத் தைக்க வேண்டும், நீர் கசிவது ஓயாது. மதராஸ் கரையில் துறைமுகம் கட்டும் வரை கப்பலுக்கும் கரைக்கும் ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கின மசூலா படகும் இதே போலத் தைத்ததுதான், கயிற்றால். என் தாத்தா காலத்து ஆட்களுக்குத் தெரிந்த விஷயம்.

பையனிடம் ஆணி இல்லாத கப்பல் என்று மட்டும் சொல்லி வையுங்கள், மீதியை அவனே கேட்பான்.

10 மார்ச்

"அது சோழர் கப்பல் என்பதை மறைக்கிறார்கள்" என்று வந்திருக்கிறது. வரும் என்று தெரியும். 826இல் பிற்காலச் சோழரில் முதல்வனான விஜயாலயன் இன்னும் தஞ்சாவூரைப் பிடிக்கவே இல்லை, காஞ்சியில் பல்லவர் ஆட்சி. அதற்காகத் தமிழர் யாரும் அந்தக் கடல் பக்கம் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. தாய்லாந்தின் தகுவா பா என்ற இடத்தில் அதே 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது, அவனிநாரணம் என்ற குளம் வெட்டியதையும், மணிக்கிராமத்தார் காவலில் அதை விட்டதையும் சொல்கிறது. மணிக்கிராமம் வணிகர் குழு, அவனிநாராயணன் மூன்றாம் நந்திவர்மப் பல்லவனின் பட்டப்பெயர். இவ்வளவு நல்ல ஆதாரம் கையில் இருக்கும்போது அடுத்தவன் கப்பலில் எதற்கு ஏற வேண்டும்?

14 மார்ச்

கப்பலைப் பற்றி எழுதினதிலிருந்து ஒரு விஷயம் உறுத்துகிறது. 5ஆம் தேதி உமாவுக்கு அவ்வளவு கோபப்பட்டேன். 9ஆம் தேதி கப்பலுக்கு வாயைப் பிளந்துகொண்டு எழுதினேன். இரண்டிலும் கேள்வி ஒன்றுதானே, இது எப்படி இங்கே வந்தது?

பெலித்துங் கப்பலைத் தூக்கியது தொல்லியல் துறை அல்ல, புதையல் எடுக்கிற தனியார் கம்பெனி. இந்தோனேசிய அரசு அனுமதி கொடுத்துத்தான் செய்தார்கள், சட்டப்படி சரி. 2005இல் சிங்கப்பூர் சுமார் 3.2 கோடி அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது, இங்குள்ள வங்கியாளர் கூ டெக் புவாட் குடும்பத்து நன்கொடையும் அதில் உண்டு, கூடத்துக்கு அந்தப் பெயர் அதனால்தான். ஆனால் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் 2012இல் இதே பொருள்களை வைத்துக் கண்காட்சி நடத்தத் திட்டமிட்டபோது தொல்லியலாளர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வியாபாரத்துக்காக அவசரமாக அள்ளினது, முறையாக அகழவில்லை, இதைக் காட்டினால் அடுத்த ஆளும் கடலில் இறங்குவான் என்று. கண்காட்சியைக் கைவிட்டார்கள். அப்புறம் 2017இல் நியூயார்க் ஏஷியா சொசைட்டியில் காட்டினார்கள், அங்கேயும் சர்ச்சை ஓயவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மீனவர்களும் தரகர்களும் கிண்ணம் கிண்ணமாக விற்றுத் தீர்த்திருப்பார்கள். மொத்தச் சரக்கும் சிதறாமல் ஒரே இடத்தில் வந்ததே பெரிது என்று அருங்காட்சியகத்துக்காரர்கள் சொல்வதை என்னால் தள்ளிவிட முடியவில்லை. உமா விஷயத்தில் இந்த வாதம் செல்லாது, கோயிலுக்கு ஊர் இருக்கிறது, சாமிக்குப் பெயர் இருக்கிறது, திருடன் இருக்கிறான். கப்பலுக்கு யார் சொந்தக்காரர்? சுட்டவன் சீனத்தான், ஏற்றியவன் அரபியோ பாரசீகனோ, மூழ்கியது இந்தோனேசியக் கடல், பார்ப்பது நான்.

எனக்கு முடிவு வரவில்லை. உமாவையும் கப்பலையும் ஒரே தராசில் போட முடியாது என்பதில் மட்டும் உறுதி.

15 மார்ச்

"திருப்பிக் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியா" என்ற கேள்விக்கு.

ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த நடராஜர் ஸ்ரீபுரந்தானுக்குப் போகவில்லை. நீதிமன்றத்தில் ஒப்படைத்து, கும்பகோணத்தில் உள்ள உலோகத் திருமேனி பாதுகாப்பு மையத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நம் ஊரில் பல கோயில்களின் உற்சவர்கள் இப்படித்தான் பாதுகாப்பு மையங்களில் இருக்கிறார்கள், திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் காவலோடு வந்து போகிறவர்களும் உண்டு. பத்தூர் நடராஜர் கதை தெரிந்திருக்கும். 1976இல் தோண்டும்போது கிடைத்து, கள்ளத்தனமாக லண்டன் போய், அங்கே கோயில் சார்பிலேயே வழக்கு நடந்து, 1991இல் திரும்பி வந்தார். வந்தவர் திருவாரூரில் பாதுகாப்பு அறையில்.

இதைச் சொன்னால் "அப்போ சிங்கப்பூரிலேயே இருந்திருக்கலாமே, குளிர்சாதன வசதியோடு" என்கிறார் ஒரு நண்பர். அதையும் நான் ஏற்க மாட்டேன். வீட்டில் பூட்டு சரியில்லை என்பதற்காக எடுத்தவனே வைத்துக்கொள்ளலாம் என்று ஆகிவிடாது. ஆனால் பூட்டு சரியில்லை என்பதும் உண்மை. திரும்பி வந்தபோது விமான நிலையத்தில் மாலை போட்டுப் படம் எடுத்துக்கொண்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயிலுக்கு விளக்கெண்ணெய்க்குக் காசு கொடுத்தார்கள் என்று கேட்டால் என்னையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இந்தத் திருட்டுகளைத் துப்புத் துலக்கியதில் இங்கே சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்துக்கொண்டே மெனக்கெட்ட எஸ். விஜய்குமாருக்குப் பெரிய பங்கு உண்டு. இந்தியா பிரைட் புராஜெக்ட் என்று நண்பர்களோடு சேர்ந்து நடத்துகிறார். ஏலக் கம்பெனி, மியூசியம் படங்களையும் பழைய கோயில் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் வேலை. சிலையின் விரல் உடைந்திருக்கிறதா, பீடத்தில் எங்கே கீறல் என்று. சம்பளம் கிடையாது. கப்பல்காரர்களைச் சும்மா நினைக்காதீர்கள்.

22 மார்ச்

நேற்று மகளோடு போயிருந்தேன், செகண்டரி ஒன்று (நம்மூர் ஏழாம் வகுப்பு) படிக்கிறாள், பள்ளிக்கு ஏதோ எழுத வேண்டுமாம்.

இரண்டாவது மாடி சமயங்கள் கூடத்தில் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் இன்னும் இருக்கின்றன. மகள் கேட்டது, "அடியில் ஏன்ப்பா ஓட்டை இருக்கு?" பீடத்தில் உள்ள துளைகளையும் வளையங்களையும் கேட்கிறாள். உற்சவர் என்றால் தூக்கிக்கொண்டு வீதி வர வேண்டும், கழியும் கயிறும் போட்டு வாகனத்தில் இறுக்கிக் கட்டுவார்கள் என்றேன். அப்போதுதான் எனக்கே தோன்றியது, ஊரில் எத்தனை புறப்பாடு பார்த்திருக்கிறேன், அம்மனின் இடுப்பு வளைவை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பட்டு, மாலை, கவசம், நகை, எல்லாவற்றுக்கும் நடுவில் முகம் மட்டும் தெரியும், அதுவும் தீபாராதனை வெளிச்சத்தில் அரை நிமிஷம். வார்ப்பின் அழகைப் பார்க்க அபிஷேகத்துக்குப் போக வேண்டும், அல்லது மியூசியத்துக்கு வர வேண்டும். ஸ்தபதி வேலையை ரசிக்கிறவனுக்கு இது லாபம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அங்கே நிற்பது சாமியின் பாதி. மீதிப் பாதி நாதஸ்வரமும் சாம்பிராணியும் தோள் வலிக்கத் தூக்குகிற ஆட்களும். அதை எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் போட முடியாது, அது அவர்கள் குற்றமும் இல்லை. ஜாவா வாயாங் பொம்மைக்கும் இதே கதிதான், விளக்கும் திரையும் தாலாங்கும் இல்லாமல் தோல் மட்டும் குச்சியில் நிற்கிறது. தாலாங் என்றால் பொம்மை ஆட்டுபவர், ராத்திரி முழுக்க ஒரே ஆள் எல்லாக் குரலிலும் பேசுவார்.

வெளியே வந்தபிறகு இன்னொன்று. கட்டடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கல் தூண் நிற்கும், டல்ஹவுசி நினைவுத்தூண். 1850இல் இந்திய கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி வந்து போனதற்காக வைத்தது. அப்போது சிங்கப்பூர் கல்கத்தாவுக்குக் கீழே. அதில் நான்கு மொழியில் எழுதியிருக்கிறது, ஆங்கிலம், ஜாவி என்ற அரபி வகை எழுத்தில் மலாய், சீனம், தமிழ். மகள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். உள்ளே மணிக்கணக்காக ஆசியாவைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற கூட்டம் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. பேருந்து எப்போது வரும் என்று போனைப் பார்க்கிறார்கள்.

அப்புறம் கட்டடம். ஏசிஎம் இருக்கிற எம்பிரஸ் பிளேஸ் கட்டடத்தின் முதல் பகுதியை 1860களில் நீதிமன்றத்துக்கென்று கட்டத் தொடங்கினார்கள், கட்டினது கைதிகள். இந்தியாவிலிருந்து நாடு கடத்தி இங்கே கொண்டுவந்த கைதிகள். 1825இல் சுமத்ராவின் பென்கூலனில் இருந்து வந்த முதல் கூட்டமே மதராஸ் ராஜதானி ஆட்கள், 80 பேர். 1873 வரை இந்த முறை நடந்தது. ரோடு போட்டார்கள், செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் கட்டினார்கள். அந்தத் தேவாலயத்துச் சுவருக்கு மதராஸ் சுண்ணாம்பு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் குழைத்து, தேங்காய் மட்டை ஊறின தண்ணீர் விட்டு. செட்டிநாட்டு வீடு பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். நம்மூர் ஆட்கள் செய்த பெரிய சாமான் எது என்று ஏசிஎம்மில் தேடினால், நான் சுவரைத்தான் காட்டுவேன்.

23 மார்ச்

மாமனாரிடம் மேலே எழுதியதைப் படித்துக் காட்டினேன். சுண்ணாம்பு, கைதி எதுவும் அவர் காதில் ஏறவில்லை. "எம்பிரஸ் பிளேஸா? உன் மச்சானுக்குப் பிறப்புப் பத்திரம் எடுக்க அங்கதான்யா நின்னேன், ஒரு பேனா கூட கொடுக்க மாட்டான்" என்றார். உண்மைதான், 1980கள் வரை பிறப்பு இறப்புப் பதிவு, குடியுரிமை, குடிநுழைவு எல்லாம் அந்தக் கட்டடத்தில்தான். இந்தத் தீவின் பழைய குடும்பங்களில் பாதிப் பேர் அங்கே வரிசையில் நின்றிருப்பார்கள். ஏசிஎம் அங்கே வந்தது 2003இல்தான். மாமனார் இன்றுவரை உள்ளே வரவில்லை. "போதும்யா, அந்தக் கட்டடத்துல நின்னது" என்கிறார்.

30 மார்ச்

துணி பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மூன்றாம் மாடி. எப்போது போனாலும் ஒரே துணி இருக்காது, வெளிச்சம் பட்டால் சாயம் போய்விடும் என்பதால் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் இன்னது இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. சோழமண்டலக் கரைத் துணி இருந்தால் நின்று பாருங்கள். மசூலிப்பட்டினம், பழவேற்காடு, நாகப்பட்டினம் பக்கமிருந்து கப்பல் கப்பலாகப் போனது, இந்தோனேசியத் தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கத் துணிதான் காசு. அந்த ஊர் ரசனைக்கு ஏற்றபடி இங்கே சாயம் போட்டார்கள், சயாமுக்கு ஒரு மாதிரி, ஜப்பானுக்கு ஒரு மாதிரி. சுமத்ராவிலும் சுலாவெசியிலும் அதைப் பெட்டியில் பூட்டித் தலைமுறை தலைமுறையாக வைத்திருந்து கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் எடுத்தார்கள். நம்மூரில் அந்தக் காலத்துத் துணி பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை, உடுத்திக் கிழித்துவிட்டோம். அங்கே மிஞ்சியது. இது திருட்டு இல்லை, காசு வாங்கி விற்றது. இதையும் அந்தச் சொந்தக்காரரிடம் சொல்லுங்கள்.

12 ஏப்ரல்

கேட்டவர் டிக்கெட் போட்டுவிட்டாராம். சரி, கடைசியாகச் சில உபயோகமான விஷயங்கள்.

ராஃபிள்ஸ் பிளேஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்தில் இறங்கி, கேவனா பாலத்தில் நடந்து வாருங்கள். பாலத்து முனையில் பழைய அறிவிப்புப் பலகை இருக்கும், மாடு குதிரை ஏறக்கூடாது என்று. பெண் குழந்தைக்கு அது பிடிக்கும். வெயிலில் வந்தால் உள்ளே ஏசி கடுமையாக இருக்கும், ஒரு துண்டோ மேல்சட்டையோ வையுங்கள்.

பொருள் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஒரு வழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவு எண் உண்டு, இங்குள்ள அரசுச் சேகரிப்பில் அது பெரும்பாலும் ஆண்டில்தான் தொடங்கும். 2007 என்று தொடங்கினால் 2007இல் அவர்கள் கைக்கு வந்தது. ரூட்ஸ் என்று தேசிய மரபுடைமைக் கழகத்தின் இணையதளம் இருக்கிறது, அதில் பொருளின் பெயரைப் போட்டால் எண்ணும் விவரமும் வரும். பையனிடம் இந்த வேலையைக் கொடுங்கள். தென்னிந்தியச் சிலை, கம்போடியச் சிலை, காந்தாரச் சிலை என்று ஐந்தாறைக் குறித்துக்கொண்டு எந்த ஆண்டு என்று பார்க்கட்டும். 1990கள், 2000கள் வந்தால் அங்கே நிற்கிற வழிகாட்டியிடம் அதற்கு முன்னால் எங்கே இருந்தது என்று கேட்கலாம். தன்னார்வ வழிகாட்டிகள் நல்லவர்கள், தெரிந்தால் சொல்வார்கள், தெரியாவிட்டால் தெரியாது என்பார்கள். கேள்வியைப் பார்த்து யாரும் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

பசித்தால் அங்கே பக்கத்தில் எல்லாம் விலை அதிகம். லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவுக்கு வந்துவிடுங்கள், மீன் தலைக் கறி அங்கேதான்.